ஒட்டிய சீட்டு

"யூதன் என்றால் திருடன் என்று பொருளா, ஐயா?"

வகுப்பறையிலே, ஆங்கிலத் துணைப்பாட நூலின் பக்கமொன்றில் விரலை ஊன்றியபடி, பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் நம்மைக் கேட்டான். நூல், சார்லஸ் டிக்கன்ஸ் தீட்டிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலின் சுருக்கம். மாணவனோ, யூதர் ஒருவரையும் கண்ணால் கண்டவனல்லன். அவர்தம் வரலாறு அறிந்தவனல்லன். அவர்பால் பகைகொள்ளக் காரணம் ஏதும் உடையவனல்லன். அவன் அறிந்த யூதன் ஒரே ஒருவன்தான்—சிறுவர்களைத் திருடர்களாக்கும் கிழவன் பேகின்! அந்த ஒருவனைக் கொண்டு ஓர் இனத்தையே அளந்துவிட்டான் அந்தப் பிள்ளை.

"அப்படியல்ல, தம்பி" என்றோம்.

"பின் ஏன், ஐயா, பெயரைச் சொல்லாமல் 'யூதன்', 'யூதன்' என்றே எழுதியிருக்கிறது?" என்றான்.

வாய் திறந்தோம், விடை வரவில்லை. மணி அடித்தது, வகுப்பு கலைந்தது, கேள்வி மட்டும் கலையவில்லை. வீடு திரும்பி, ஏடுகளைப் புரட்டினோம். அதே கேள்வியை, 1863-ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார்—எழுதிய டிக்கன்சையே கேட்டிருக்கிறார்—என்பதைக் கண்டோம். அந்த வரலாற்றைத்தான் இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

கதை எழுதும் ஆர்வம் கொண்ட இளைஞர் நம்மிடையே பலர் உளர். தாம் படைக்கும் பாத்திரம் உயிரோடு உலவவேண்டும், படிப்போர் நெஞ்சை விட்டு அகலாதிருக்கவேண்டும் என்பது அவர்தம் ஆவல். நல்ல ஆவல்! ஆனால், நெஞ்சிலே குடியேறிய பாத்திரம் அங்கே அமர்ந்து என்ன செய்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டாமோ? பாத்திரத்துக்கு உயிரூட்டுவது எப்படி என்பது ஒரு கேள்வி. ஊட்டிய உயிர் யாரைக் கொல்லும் என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்வியைக் கேட்போர் ஆயிரவர். இரண்டாவதைக் கேட்போர் சிலர். டிக்கன்சின் வரலாறு இரண்டுக்கும் விடை தருகிறது.

* * *

1824-ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றங்கரையில், எலிகள் ஓடித் திரியும் பாழடைந்த கட்டடம் ஒன்றிலே காலணிக்கு மெருகேற்றும் கருமை செய்யும் தொழிற்சாலை. அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வேலை பார்க்கிறான். புட்டிகளைத் தாளால் மூடி, நூலால் கட்டி, அவற்றின்மீது அச்சடித்த சீட்டை ஒட்டுவது அவன் வேலை. காலை முதல் மாலை வரை ஒட்டவேண்டும். தந்தையோ, வாங்கிய கடனைத் திருப்பித் தர வகையற்று, மார்ஷல்சீ சிறைச்சாலையிலே கிடக்கிறார். சிறுவனின் பெயர், சார்லஸ் டிக்கன்ஸ்.

அந்த இடத்திலே அவனுக்கு ஒரு தோழன் வாய்த்தான். தாய் தந்தையற்றவன், வயதில் மூத்தவன், முடிச்சுப் போடும் வகையைச் சொல்லித் தந்தவன் அவனே. ஒருநாள் சிறுவன் டிக்கன்சுக்கு விலாவிலே கடும் வலி. தோழன் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்தான். காலிப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, ஒன்று ஆறினால் மற்றொன்று என்று மாற்றி மாற்றி ஒற்றடமிட்டான். மாலையில், "தனியே போகாதே, வீடுவரை நானும் வருகிறேன்" என்று உடன் நடந்தான். தந்தை இருப்பது சிறையில் என்பதைச் சொல்ல வெட்கி, வேறொரு வீட்டு வாயிலைத் தன் வீடென்று காட்டி நின்றான் டிக்கன்ஸ்.

ஈரம் நிறைந்த அந்தத் தோழன் பெயர் என்ன, தெரியுமா? பாப் பேகின்!

ஆம்! பின்னாளில், தான் படைத்த கொடியவனுக்கு டிக்கன்ஸ் சூட்டிய பெயர், துன்ப நாளிலே தன்னைத் தாங்கிய தோழனின் பெயர். ஏன் அப்படிச் செய்தார்? அந்த நாட்களின் இழிவை அவர் மறக்க முயன்றார். மனைவி மக்களுக்குக்கூட மறைத்தார். அவர் மறைந்தபின், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே நாடு இதனை அறிந்தது. அன்பு காட்டிய தோழனும், இழிவு தந்த இடமும் ஒரே நினைவிலே பின்னிக்கிடந்தன போலும்! எழுத்தாளன் நெஞ்சு எத்தகைய இருட்டறை என்பதற்கு இது ஒரு சான்று.

* * *

1834-ஆம் ஆண்டு, ஆங்கில நாடு ஏழைகளுக்கென ஒரு புதுச் சட்டம் இயற்றிற்று. உதவி கேட்டு வருவோர் ஏழை இல்லத்தில் அடையவேண்டும். கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், மக்கள் ஒருபுறம் எனப் பிரிந்து வாழவேண்டும். உணவோ, உயிர் போகாத அளவு! வறுமை என்பது குற்றம், வறியவன் என்பவன் குற்றவாளி—இதுவே அச்சட்டத்தின் உட்பொருள். அதைக் கண்டு கொதித்த இளைஞர் டிக்கன்ஸ், 1837-ஆம் ஆண்டு பிப்ரவரியில், 'பென்ட்லி' என்பாரின் மாத இதழிலே 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. 1839 ஏப்ரலில் கதை முற்றுப்பெற்றது.

இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்ட குற்றத்துக்காக விரட்டப்படுகிறான் ஆலிவர். அறம் பேசிய கனவான்கள் அவனை அடித்தனர், பூட்டி வைத்தனர், விலை கூறினர். பசியோடு இலண்டன் வந்து சேர்ந்த அந்தப் பிள்ளைக்கு முதன்முதலாக வயிறாரச் சூடான உணவு தந்தவன் யார்? பேகின்! அடுப்பிலே சட்டி, சட்டியிலே பொரியும் இறைச்சிப் பண்டம், கையிலே முட்கரண்டி, முகத்திலே சிரிப்பு. மறுநாள், பைகளில் பொருள்களைத் திணித்துக்கொண்டு கிழவன் நடக்க, பையன்கள் பின்சென்று அவற்றை எடுக்க, ஆலிவர் கண்ணீர் வரும் அளவு சிரிக்கிறான். அது விளையாட்டல்ல, களவுப் பயிற்சி என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

பாத்திரப் படைப்பின் திறம் இங்கே இருக்கிறது, தோழர்களே! தீயவனைத் தீட்டப் புகுந்த டிக்கன்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியை உருவும் பொம்மையைச் செய்யவில்லை. இனிக்கப் பேசுபவனை, சோறு போடுபவனை, சிரிக்க வைப்பவனை, தேவைப்பட்டால் அந்தச் சிறுவனையே தூக்குமேடைக்கு அனுப்பத் தயங்காதவனைச் செய்தார். பசித்த பிள்ளை பேகினிடம் ஏன் தங்கினான் என்று நாம் வியப்பதில்லை. நாமாக இருந்தாலும் தங்கியிருப்போம் என்றே தோன்றுகிறது. தோன்றுகிறதல்லவா? அதுதான் உயிர்! கொடியவன் எதைக் கொண்டு பிறரைக் கவர்கிறான் என்பதைக் காட்டாத எழுத்தாளன், கொடுமையின் பாதியை மறைத்தவனாகிறான்.

ஆனால், இத்துணைத் திறத்தோடு படைத்தவனுக்குப் பெயர் ஒன்று இருக்க, அதை ஒதுக்கிவிட்டு, 'யூதன் சொன்னான்', 'யூதன் சிரித்தான்', 'யூதன் பதுங்கினான்' என்று 250 முறைக்கு மேல் எழுதினார் டிக்கன்ஸ். புட்டியிலே சீட்டு ஒட்டிய சிறுவன் வளர்ந்துவிட்டான். இப்போது மனிதன் மீது சீட்டு ஒட்டினான்! ஓவியர் குரூக்சாங்க், வளைந்த பெருமூக்கை வரைந்து அந்தச் சீட்டுக்கு வண்ணம் கூட்டினார்.

* * *

அந்தச் சீட்டு வெறும் காகிதமல்ல. அதன் பின்னே அறுநூறு ஆண்டுப் பழி இருந்தது. 1290-ஆம் ஆண்டு, முதலாம் எட்வர்டு மன்னன் யூதரனைவரையும் இங்கிலாந்தை விட்டு விரட்டினான். 1656-இல், கிராம்வெல் காலத்திலேதான் அவர்கள் மீண்டும் அங்கே வாழ வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில், யூதர் வெளிப்படையாக வாழவே இயலாத அந்த நாட்டிலே, 1590-களில், ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை எழுதினார். பார்க்க வந்தவர்களிலே பெரும்பாலோர் யூதரை அறியார், ஷைலக்கைத்தான் அறிவர். எனினும் ஷேக்ஸ்பியர், தம் பாத்திரத்துக்கு ஒரு நியாயத்தை வழங்கினார். தன்னையும் மற்றவரையும் ஒரே உடலும் ஒரே உணர்வும் உடையவராகக் காட்டி, பழிவாங்கும் பாடத்தைத் தனக்குப் புகட்டியவர் யார் என்று ஷைலக் கேட்கும் இடத்திலே, அரங்கு அதிர்ந்தாக வேண்டும். பேகினுக்கு அப்படி ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பைக்கூட டிக்கன்ஸ் வழங்கவில்லை.

'ஆலிவர் ட்விஸ்ட்' வெளிவந்த நாளில், இலண்டன் யூதர் வணிகம் செய்யலாம், வரி செலுத்தலாம், பாராளுமன்றத்தில் அமர இயலாது. அமரவேண்டுமாயின், கிறித்தவ நம்பிக்கையின் பெயரால் உறுதிமொழி கூறவேண்டும். 1847-இல் மக்கள் தேர்ந்தெடுத்த லயனல் ராத்ஸ்சைல்டு, 1858 வரை, பதினோராண்டு, வாயிலிலேயே நிறுத்தப்பட்டார்! தாழ்த்தப்பட்டோர் மீது எழுதுகோல் வீசும் கல்லுக்கும், உயர்ந்திருப்போர் மீது அது வீசும் கல்லுக்கும் எடை ஒன்றாக இருக்கலாம், காயம் ஒன்றல்ல. உயர்ந்தோனைத் தாக்கினால் அவனுக்கு ஆயிரம் மாற்றுப் படங்கள் உண்டு. ஒடுக்கப்பட்டோனுக்கோ, அந்த ஒரே படம்தான் முகம்.

* * *

1860-ஆம் ஆண்டு, டிக்கன்ஸ் தம் டாவிஸ்டாக் இல்லத்தை விற்றார். வாங்க வந்தவர் ஜேம்ஸ் டேவிஸ் எனும் யூதர். பணம் கைக்கு வரும்வரை இந்த ஆளை நம்பமாட்டேன் என்ற கருத்துப்பட நண்பருக்கு எழுதினார் டிக்கன்ஸ்—ஏழைகளின் வழக்கறிஞர், எளியோரின் தோழர், சட்டத்தை எதிர்த்த சான்றோர் எழுதினார் அப்படி! விற்பனை முடிந்ததும், பணத்தைப் பொறுத்தமட்டில் இத்துணை நாணயமும் பெருந்தன்மையும் உள்ள ஒருவரோடு தாம் பழகியதே இல்லை எனும் பொருளில் அவரே எழுத நேர்ந்தது. பழகாத வரை 'யூதன்', பழகியபின் மனிதன்!

அந்த வீட்டின் தலைவி, எலிசா டேவிஸ் அம்மையார். 1863 ஜூனில் அவர் டிக்கன்சுக்கு ஒரு கடிதம் வரைந்தார். யூதச் சமூகத்தின் அறப்பணி ஒன்றுக்கு நன்கொடை வேண்டியது ஒரு புறம். மறுபுறம், நெஞ்சிலே நெடுநாள் கிடந்த குற்றச்சாட்டு. ஒடுக்கப்பட்டோருக்காக உருகி எழுதும் பெருநெஞ்சினராகிய தாங்களே, இகழப்பட்ட எங்கள் இனத்தின்மீது இழிவான வெறுப்பை வளர்த்துவிட்டீர்கள்; தாங்கள் உயிரோடிருக்கும்போதே அந்தத் தவற்றுக்கு ஈடு செய்யலாகாதா—இதுதான் கடிதத்தின் சாரம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உலகமே போற்றும் எழுத்தாளர் அவர். வாக்குரிமைகூட இல்லாத காலத்துப் பெண் இவர். அதிலும் பழிக்கப்பட்ட குலத்துப் பெண். பகைவனைப் பார்த்துக் கேட்பது எளிது. தான் மதிக்கும் ஒருவரை, ஏழையின் பக்கம் நிற்கும் ஒருவரை, "நீங்கள் தவறிழைத்தீர்கள்" என்று நேர்நின்று கேட்கத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

டிக்கன்ஸ் ஜூலையிலே மறுமொழி எழுதினார். முதலில் தம்மைக் காத்துக்கொள்ளவே முயன்றார். கதை நிகழ்ந்த காலத்தில் அத்தகைய குற்றவாளிகள் பெரும்பாலும் அந்த இனத்தாராகவே இருந்தனர் என்றார். மதத்தைச் சுட்டவில்லை, இனத்தையே சுட்டினேன் என்றார். கதையின் மற்றத் தீயோரெல்லாம் கிறித்தவர்தாமே என்றும் கேட்டார்.

இந்த மூன்றாவது வாதம், கேட்டவுடன் வலுவாகத்தான் தோன்றும். கொலைகாரன் சைக்ஸ் கிறித்தவன், ஏழை இல்லத்துப் பம்பிள் கிறித்தவன், பிறகென்ன குறை? எலிசா அம்மையார் விட்டாரா? விடவில்லை! தம் மறுகடிதத்திலே அவர் காட்டிய நுட்பம், கதை எழுதுவோர் ஒவ்வொருவரும் கருத்திலே பொறிக்க வேண்டியது. கதையிலே தீய கிறித்தவர் உண்டு. அவரருகே நல்ல கிறித்தவரும் உண்டு. பேகின் மட்டும் தன்னந்தனியே நிற்கிறான், 'யூதன்' என்ற சீட்டோடு!

ஆகா! திறனாய்வுப் பேரேடுகள் காணாத உண்மையை ஓர் இல்லத்தரசி கண்டுவிட்டார். சைக்சின் கொடுமைக்குச் சைக்ஸ்தான் பொறுப்பு. பேகினின் கொடுமைக்கோ, பேகின் குலமே பொறுப்பாகிறது. தனியே நிற்கும் பாத்திரம், தான் ஒருவனாக நிற்பதில்லை. தன் இனத்தின் பெயரால் கூண்டிலே நிற்கிறது.

* * *

டிக்கன்ஸ் சிந்தித்தார். வாயால் வாதிட்டவர், பேனாவால் பணிந்தார். 1864 மே முதல் 1865 நவம்பர் வரை வெளிவந்த 'நம் இருவரின் நண்பர்' எனும் நாவலிலே, ரையா என்ற யூதக் கிழவரைப் படைத்தார். ரையா நல்லவர், பொறுமையாளர், ஏழைப் பெண்களுக்குத் தந்தை போன்றவர். வட்டிக்கடைக்கு வெளியே முகமாக நிற்பவர் அவர். உள்ளே இருந்து குருதி உறிஞ்சுபவனோ, பிளெட்ஜ்பி எனும் கிறித்தவக் கனவான். மற்ற மக்களிலே தீயவனைக் கண்டால் தீயவன் ஒருவன் என்கிறது உலகு; யூதரிலே தீயவனைக் கண்டாலோ யூதரே தீயர் என்கிறது—இந்தக் கருத்தை ரையாவின் வாயாலேயே சொல்ல வைத்தார் டிக்கன்ஸ். எலிசா அம்மையாரின் கடிதம், கதைக்குள்ளேயே நுழைந்துவிட்டது!

1867-இல் தம் நூல்களின் புதுப்பதிப்பு வந்தபோது, 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலிலும் கை வைத்தார். குறிப்பாகப் பிற்பகுதியிலே, 'யூதன்' என்ற சொல்லைப் பல இடங்களில் அடித்துவிட்டு, 'பேகின்' என்றும் 'அவன்' என்றும் மாற்றினார். யூதனின் கடைசி இரவு என்றிருந்த இயலின் தலைப்பு, பேகினின் கடைசி இரவு என்றாயிற்று. அதே ஆண்டு, எலிசா அம்மையார் எபிரேய விவிலிய நூலொன்றை டிக்கன்சுக்குப் பரிசளித்தார். தாம் இழைத்த தீங்கை உணர்ந்தவுடன் அதற்கு ஈடு செய்யும் உயர்ந்த பண்புக்குப் பாராட்டாக அதனை அளித்தார். வேதத்தில் நமக்கு வேலையில்லை. ஆனால், அந்தப் பண்புக்கு நாமும் தலைவணங்குகிறோம். தவறே செய்யாத பேனா உலகில் இல்லை. தவற்றை ஒப்புக்கொள்ளும் பேனா அரிது.

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமைதான். ஆனால் வரலாறு இனிமைக்காக நிற்பதில்லை.

ரையாவை இன்று யார் அறிவார்? நம் மாணவனுக்கு அவர் பெயர் தெரியாது. டிக்கன்சை விரும்பிப் படிப்போரிலும் பலர் அவரை மறந்திருப்பர். பேகினையோ, கதையைத் தொடாதவனும் அறிவான். 1948-இல் டேவிட் லீன், 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையைப் படமாக்கினார். அலெக் கின்னஸ், குரூக்சாங்க் வரைந்த அதே பெருமூக்கை ஒட்டிக்கொண்டு பேகினாக நடித்தார். 1949 பிப்ரவரியில் பெர்லின் நகரில் அப்படம் காட்டப்பட்டபோது, யூதர் திரண்டு எதிர்த்தனர், கலகம் மூண்டது. அமெரிக்காவில் 1951 வரை படம் தடைப்பட்டு, பல காட்சிகள் வெட்டப்பட்ட பின்னரே வெளிவந்தது. வெறும் மூக்கிற்காகவா இந்தக் கலகம் என்று கேட்கவேண்டாம். அப்படிப்பட்ட மூக்கைத்தான் நாஜிகள் சுவரொட்டிகளில் வரைந்தனர். ஷைலக்கைத்தான் 1943-இல், நாஜிகளின் பிடியிலிருந்த வியன்னாவிலே மேடையேற்றினர். 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அந்தச் சாம்பல் ஆறாத நகரிலே அந்த மூக்கு மீண்டும் தோன்றினால், பிழைத்தவன் நெஞ்சு பதறாதா?

டிக்கன்ஸ் கொலைஞரல்லர். அவர் எழுதாதிருந்தாலும் இட்லர் வந்திருப்பான். ஆனால், மனிதனை மறைத்துச் சீட்டை மட்டும் காட்டும் பழக்கத்துக்கு, அவர் போன்ற நல்லோரின் பேனாவும் துணைபோயிற்று. தீயோர் பரப்பும் வெறுப்பைக் கண்டு நாம் விழிப்படைகிறோம். நல்லோர் கதையிலே வரும் வெறுப்பையோ, சிரித்துக்கொண்டே பருகிவிடுகிறோம்.

ரையா ஏன் தோற்றார்? ஈடு செய்ய வந்தவர் ஏன் மறைந்தார்? விடை எளிது: அவருக்கு உயிர் இல்லை! அவருக்குக் கோபம் வருவதில்லை, ஆசை இல்லை, தடுமாற்றம் இல்லை. யாரோ ஒருவரின் குற்றத்துக்குக் கழுவாயாக வந்த பொம்மை அவர். பேகினிடம் சூடான சட்டி இருந்தது. ரையாவிடம் நல்லொழுக்கம் மட்டுமே இருந்தது. உயிருள்ள பாத்திரம் செய்த தீமையை, உயிரற்ற பாத்திரம் துடைக்கமுடியாது. பேயென்று எழுதுவதும், தெய்வமென்று எழுதுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலும் மனிதன் இல்லை, சீட்டுத்தான் இருக்கிறது. கறுப்புச் சீட்டைக் கிழித்து வெள்ளைச் சீட்டை ஒட்டினால் புட்டிக்குள் இருப்பது தெரிந்துவிடுமா?

டிக்கன்சுக்கு மனிதனைத் தீட்டத் தெரியாதா? தெரியும்! நான்சியைப் பாருங்கள். திருடர் கூட்டத்துப் பெண். ஆலிவரைக் கடத்திவந்தவளும் அவளே. காக்க முனைபவளும் அவளே. தப்பிவிடு என்று நல்லோர் வழி காட்டியும், தன்னை அடித்து நொறுக்கும் சைக்சிடமே திரும்பிச் செல்கிறாள். அவன் கையாலேயே மாள்கிறாள். இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று கேட்டோருக்கு, இது உண்மை என்று 1841-இல் எழுதிய முன்னுரையிலே வாதாடினார் டிக்கன்ஸ்.

ஏன், பேகினுக்கே ஒரு கணம் அந்த உரிமையை வழங்கினார். கடைசியிலே, வழக்கு மன்றக் கூண்டிலே நிற்கிறான் பேகின். சாவுத் தீர்ப்பு நெருங்குகிறது. அவன் என்ன எண்ணுகிறான்? எதிரே உள்ள இரும்பு முனைகளை எண்ணுகிறான்! ஒன்றின் தலை உடைந்திருக்கிறதே, எப்படி உடைந்தது, செப்பனிடுவார்களா என்று எண்ணுகிறான்! தன்னைப் படம் வரையும் ஒருவனின் பென்சில் முனை ஒடிவதைக் கவனிக்கிறான்! அச்சம் தாங்கமுடியாத மனம், அற்பப் பொருளைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. அந்த இடத்திலே யூதனும் இல்லை, கிறித்தவனும் இல்லை. சாவை எதிர்நோக்கும் கிழட்டு மனிதன் ஒருவன் நிற்கிறான். பாத்திரப் படைப்பின் உச்சி அது. இனமோ மதமோ கூறும் காரணத்தால் அவன் முனைகளை எண்ணவில்லை. மனிதன் என்பதால் எண்ணினான்.

* * *

பேகின் எழுப்பிய கேள்விக்கு உண்மையான விடை எங்கிருந்து வந்தது? டிக்கன்சின் இரக்கத்திலிருந்து அல்ல. சேற்றிலே நின்றவர்களிடமிருந்தே வந்தது.

1864-ஆம் ஆண்டு—ரையா அச்சிலே தோன்றிய அதே ஆண்டு—இலண்டனில், குடியேறிய ஏழை யூதக் குடும்பமொன்றிலே பிறந்தார் இஸ்ரேல் சாங்வில். இலண்டன் கிழக்குப் பகுதியில் இருந்த யூத இலவசப் பள்ளியிலே படித்தார். அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார். 1892-இல், 'கெட்டோவின் குழந்தைகள்' எனும் நாவலை வெளியிட்டார். ஒடுக்கப்பட்டவனே பேனா பிடித்தான்!

அந்நூலிலே ஒரு யூதன் இல்லை. ஓர் ஊரே இருக்கிறது. பசியோடு வாழும் ஏழை உண்டு. வயிறு புடைத்த செல்வர் உண்டு. தன்னை விஞ்சிய புலவன் உலகில் இல்லை என்று திரியும் பிங்கஸ் உண்டு. தெருவின் பொய்ம்மையும் மாளிகையின் போலித்தனமும் கண்டு வெதும்பி, புனைபெயரில் நாவல் எழுதும் ஏழைப்பெண் எஸ்தர் உண்டு. எல்லோரும் யூதர் என்பதால், ஒருவர் குற்றத்தையும் யூதக் குற்றம் என்று சொல்ல வழியில்லை. எலிசா அம்மையார் சுட்டிய குறைக்குத் தக்க மருந்து இதுதான்: கெட்டவனை நீக்குவதல்ல, அவனைத் தனியே நிறுத்தாதிருப்பது.

பகுத்தறிவுத் தோழர்கள் அந்நூலின் ஓர் இடத்தை நெஞ்சிலே இருத்தவேண்டும். ரெப் ஷெமுவேல் எனும் மதகுரு. தம்மிடம் உள்ளதை இரப்போர்க்கு ஈந்துவிடும் இளகிய உள்ளத்தவர். அவர் மகள் ஹன்னா. விளையாட்டாக ஒருவன் அவள் விரலிலே மோதிரம் மாட்டி, மணச் சொற்களைக் கூறிவிட, சாத்திரப்படி அது திருமணமாகிவிடுகிறது! அதை முறிக்க மணவிலக்குப் பெறுகின்றனர். பின்னர் டேவிட் எனும் இளைஞனை அவள் உளமாரக் காதலிக்கிறாள். அவனோ குருகுல மரபினன். மணவிலக்குப் பெற்ற பெண்ணை அம்மரபினன் மணத்தல் கூடாது என்கிறது சாத்திரம். மகளை உயிராக நேசிக்கும் தந்தை, அழுதுகொண்டே அந்தச் சாத்திரத்தின் பக்கம் நிற்கிறார். உடன்போக்குக்கு நாள் குறித்தவளும், கடைசி நேரத்தில் காதலன் முன்னே கதவைச் சாத்துகிறாள்.

ஷெமுவேலை அரக்கனாக எழுதியிருந்தால் நாம் அவனைத் தூற்றிவிட்டுத் தூங்கப் போயிருப்போம். கெட்டவன் ஒருவன், அவன் ஒழிந்தால் குறை தீர்ந்தது என்று அமைதி கொண்டிருப்போம். நல்லவராக எழுதினார் சாங்வில். ஆகவே நம் சினம் அவரைக் கடந்து, நல்ல தந்தையைக்கூட மகளின் வாழ்வுக்குக் கூற்றுவனாக்கும் சாத்திரத்தின் மீது பாய்கிறது! பாத்திரம் எவ்வளவு மனிதத்தன்மை பெறுகிறதோ, அவ்வளவுக்குக் குற்றவாளி யார் என்பது விளங்குகிறது. உயிருள்ள பாத்திரத்தின் வலிமை இது. சீர்திருத்த எழுத்தின் கூர்வாளும் இதுவே.

* * *

இனி, நம் பேனாவுக்கு வருவோம்.

நம் இளைஞர் எழுதும் கதைகளைப் படிக்கிறோம், மகிழ்கிறோம், சில வேளை மனம் நோகிறோம். நெற்றியிலே பட்டையும் மார்பிலே நூலும் கண்டவுடன், இவன்தான் கெடுமதியாளன் என்று மூன்றாம் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கலப்பையைக் கண்டவுடன், இவன் உத்தமன் என்று தெரிந்துவிடுகிறது. சேரியிலிருந்து வரும் பாத்திரமோ, அழுவதற்கென்றே பிறந்தது போல் அழுகிறது. அதற்கு நகைச்சுவை தெரியாது, ஆசை கிடையாது, ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாது. இந்தப் பக்கம் பேகின்கள். அந்தப் பக்கம் ரையாக்கள்!

தோழர்களே, நாம் எதை எதிர்த்துப் புறப்பட்டோம்? பிறப்பிலேயே ஒருவனின் குணம் எழுதப்பட்டுவிட்டது என்பது யார் கொள்கை? மனுவின் கொள்கை! அதனை மேடையிலே எரித்துவிட்டு, கதையிலே எழுதலாமா? குலத்தைச் சொன்னவுடன் குணம் விளங்கிவிடும் கதை, எந்தக் குலத்தை ஏசினாலும் சரி, எந்தக் குலத்தைப் போற்றினாலும் சரி, அது வருணாசிரமத்தின் கதையே.

அண்ணாவின் 'வேலைக்காரி'யை நினைவுகூருங்கள். அதன் கொடியவர் வேதாசல முதலியார். பிறப்பா அவரைக் கொடியவராக்கிற்று? பணம், பணம் தந்த ஆணவம், ஆணவத்தைக் கண்டிக்க வகையற்ற ஊர்! திருந்தவும் அவருக்கு வாய்ப்பிருக்கிறது. திருந்த முடிந்தவன்தானே மனிதன்? மனிதன் மாறுவான் எனும் நம்பிக்கை இல்லாத இடத்தில் சீர்திருத்தம் எதற்கு?

கொடுமையைக் கண்டிக்காதீர் என்கிறோமா? இல்லை! பேகின் கொடியவனே; சிறுவர் வாழ்வைச் சூறையாடியவனே; எலிசா அம்மையாரும் அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. கண்டிப்பைக் கூர்மையாக்குங்கள் என்கிறோம். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன், பாத்திரத்தின் சாதியையும் மதத்தையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எஞ்சி நிற்பது ஒரு மனிதனா? அவனுக்கு ஒரு பசி, ஓர் அச்சம், ஒரு சிரிப்பு, யாரும் அறியாத ஒரு நினைவு உண்டா? உண்டெனில் எழுதியிருக்கிறீர்கள். இல்லையெனில் ஒட்டியிருக்கிறீர்கள். இன்னொன்றும் கேளுங்கள்: நாம் யாரைப் பற்றி எழுதினோமோ, அவர் வீட்டுப் பெண் ஒருத்தி இதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினால், நம்மிடம் விடை இருக்குமா?

மறுநாள் வகுப்பிலே, அந்த மாணவனை அழைத்தோம். எலிசா டேவிஸ் அம்மையாரின் கதையைச் சொன்னோம். முழுதும் கேட்டான், சிறிது எண்ணினான், பிறகு, பென்சிலை எடுத்து, தன் நூலிலே 'யூதன்' என்றிருந்த இடங்களிலெல்லாம் கோடிட்டு, மேலே 'பேகின்' என்று எழுதத் தொடங்கினான்.

புத்தகத்திலே கிறுக்கலாகாது என்பது பள்ளியின் விதி. நாம் தடுக்கவில்லை.